மனைவி சொல்லால் விற்பனைக்கு

காபியை ஊற்றும்போதே பெர்னடீன் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னிக்குத்தானே பிளேனை வாங்க அந்த ஆள் வர்றான்? உனக்கு நிம்மதியா இருக்குமே."

மார்லிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய கார் பனி மூடிக் கிடந்தது. அது கார் ஷெட்டுக்குள் நுழைந்து பல குளிர்காலங்கள் ஆகிவிட்டன. ஷெட்டில் பாதி கட்டிய விமானம் ஒன்று நின்றது. இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம். அவள் கணவன் ஓர்வின் தன் கையால் கட்டியது.

"சின்ன வயசுல சோளக்காட்டுல மருந்தடிக்கிற பிளேன் வந்தா போதும், மாடு கறக்கக் கூப்பிட்டாலும் அவனுக்குக் காது கேக்காது. அப்படிப்பட்டவன் ஆசையை, கார் நிறுத்த இடம் வேணும்னு விக்க வெச்சுட்டியே... காருக்கென்ன, ஜுரம் வருமா?"

பெர்னடீன் ஓர்வினுக்கு மூத்தவள். கணவன் போன பிறகு மாடியறைக்குக் குடிவந்தவள். தம்பி என்றால் உயிர். மேஜையின் மறுமுனையில் அந்தத் தம்பி தலையைக் குனிந்து ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

'சொல்லேன்' என்று மார்லிஸ் மனதுக்குள் கேட்டாள். 'ஒரு வார்த்தை சொல்லேன்...'

அவன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

விஸ்கான்சினின் அந்தப் பகுதியில் வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஒரு மாதத் தாள் உண்டு. பாதியில் கைவிட்டவர்கள் அதில் விளம்பரம் கொடுப்பார்கள். 'அலுத்துவிட்டது' என்று எந்த ஆணும் எழுதியதில்லை. எல்லோரும் ஒரே வாசகத்தைத்தான் போடுவார்கள்: மனைவி சொல்லால் விற்பனைக்கு. படிக்கிறவர்கள் சிரித்துவிட்டு, "பாவம்" என்பார்கள்.

ஓர்வினும் அதைத்தான் போட்டான், கார் நிறுத்த இடம் வேண்டுமாம் என்ற காரணத்தோடு. போடும் முன் மார்லிஸிடம் கேட்டான்.

"உன் பேரைச் சொல்லிக்கட்டுமா? எல்லாரும் வழக்கமா அப்படித்தான்..."

அன்று அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கு மறுக்க மனம் வரவில்லை. "சொல்லிக்கோ" என்றாள். வெறும் வார்த்தைதானே என்று நினைத்தாள். அந்த வார்த்தை சர்ச்சுக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடப் போன இடத்தில், சங்கத்து ஆட்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டிலோ, தினமும் காலையில் பெர்னடீன்.

டிரெய்லர் கட்டிய வண்டி வந்து நின்றது. இறங்கியவர் லெஸ்டர் கோவால். பக்கத்து மாவட்டத்தில் பால் பண்ணை வைத்திருப்பவர். ஏற்கெனவே ஒரு விமானம் கட்டிப் பறந்தவர். தொப்பியைக் கழற்றி மார்லிஸைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்கதான் அந்த 'மனைவி சொல்'லா? என் வீட்டம்மாவும் இதையேதான் சொல்றா. நான் காது கேக்காத மாதிரி இருந்துடுவேன்."

மார்லிஸும் சிரித்துவைத்தாள். பின்னாலேயே வந்த பெர்னடீன், "எங்க ஓர்வினுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது" என்றாள்.

லெஸ்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி வந்தார். தகட்டைத் தடவினார். சுவரோரம் சாத்தியிருந்த, இறக்கைக்குப் பின்னால் மடிந்து இறங்கும் இரண்டு நீளத் துண்டுகளைத் தூக்கிப் பார்த்தார். மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டும் இடது."

ஓர்வினின் காது சிவந்தது. சங்கத்து ஆட்கள் விமானத்தைப் பார்க்க வந்த அன்று, எல்லோர் முன்னாலும்தான் அது தெரியவந்தது. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று செய்வதற்குப் பதில் இரண்டையும் இடதுக்கே செய்திருந்தான். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குப் பிறகு ஓர்வின் ஷெட்டுக்குள் போகவில்லை.

"இது ஒரு விஷயமா?" என்றார் லெஸ்டர். "நான் ரெண்டு வலது செஞ்சவன். இந்த வேலையில எல்லாரும் ஒரு தடவையாவது செய்யறதுதான்."

பிறகு வால் பக்கம் குனிந்து, குழாய் போல் ஒடுங்கிப் போகும் அந்த உட்புறத்தில் வெளிச்சம் அடித்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"வெளியிலேருந்து ரிவெட் ஆணி அடிச்சா, உள்ளேயிருந்து ஒரு ஆள் இரும்புக்கட்டையை முட்டுக் கொடுக்கணும். இங்கே கடைசி வரைக்கும் ரிவெட் ஒழுங்கா உட்கார்ந்திருக்கே. இந்தப் பொந்துக்குள்ள யாரைப் படுக்க வெச்சீங்க?"

"நான்தான்" என்றாள் மார்லிஸ்.

"நீங்களா?"

"தலைகாணி போட்டுப் படுத்துப்பேன். ஒரு குளிர்காலம் பூரா. சத்தம்தான் மண்டையைப் பிளக்கும்."

லெஸ்டர் அவளைப் பார்த்தார்; ஓர்வினைப் பார்த்தார். தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எனக்குப் புரியல. இதுக்குள்ள ஒரு குளிர்காலம் படுத்த பொம்பளை, கார் நிறுத்த இடம் வேணும்னு கேப்பாளா?"

கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவ கேக்கல" என்றான் ஓர்வின். "ஒரு நாளும் கேட்டதில்ல. என்னாலதான் முடியல. கதவைத் திறந்தாலே அவங்க சிரிச்சது காதுல விழுது. அதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு... அவ தலையில போட்டுட்டேன்."

பெர்னடீன் கதவைப் பிடித்துக்கொண்டாள். "என்னடா சொல்றே? காலையில நான் அத்தனை பேசறேன், கஞ்சியைக் கிளறிட்டு உக்காந்திருந்தியே?"

மார்லிஸ் அழக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் கண் நிறைந்துவிட்டது.

"ஊர்க்காரங்க பேசினது கூடப் பரவாயில்ல, ஓர்வின். என் எதிர்லயே நீ சும்மா இருந்தே பாரு... அதான் தாங்கல. விக்கணுமா, வித்துடு. பிளேன் இல்லாட்டியும் நீ எனக்கு வேணும். ஆனா உன் பேரைச் சொல்லி வித்துக்கோ. இனிமே என் பேரு கிடையாது."

ஓர்வின் அவள் கையைப் பிடித்தான். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

லெஸ்டர் டார்ச்சை அணைத்தார். "நான் கிளம்பறேன். வெட்கப்பட்டு விக்கிறவன்கிட்ட வாங்கினா, அடுத்த வாரமே போன் பண்ணித் திருப்பிக் கேப்பான். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மொத்த பிளேனையும் பார்க்காதீங்க, மலைப்பா இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு வேலை. அதுவும் முடியலையா, உள்ளே வந்து தரையைக் கொஞ்சம் பெருக்கிட்டுப் போங்க. ஷெட்டுக்குள்ள கால் வைக்கிறதுதான் முக்கியம்."

காலி டிரெய்லர் தடதடத்துக்கொண்டு போனது. ஓர்வின் சமையலறைக்குப் போய், சங்கத்துத் தாளை நடத்தும் ஹெய்ன்ஸுக்குப் போன் செய்தான்.

"விளம்பரத்தை எடுத்துடு. எடுத்துட்டு, அது மார்லிஸ் சொன்னதில்லைன்னு எழுதணும். ஆமா, அடுத்த தாள்லயே. ரெண்டு இடது செஞ்சவன் ஓர்வின்தான், ஓடி ஒளிஞ்சவனும் ஓர்வின்தான்னு போட்டுக்கோ. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

பெர்னடீன் மேஜையருகே வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத பெண்மணி. மார்லிஸின் ஆறிப்போன காபியைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீ ஏன் என்கிட்டயாவது சொல்லல?"

"அவன் சொல்லணும்னு இருந்தேன்."

"நான் பேசின பேச்சுக்கு நீ என் மூஞ்சியில காபியைக் கொட்டியிருக்கலாம்."

"தோணுச்சு. டம்ளர் சூடா இருந்துச்சு."

பெர்னடீன் சிரிக்கப் பார்த்தாள். முடியாமல் மார்லிஸைக் கட்டிக்கொண்டு விசும்பினாள்.

ஷெட்டிலிருந்து ஓர்வின் கூப்பிட்டான். மார்லிஸ் போனபோது அவன் புதிய தகடு ஒன்றை மேஜையில் விரித்து, துளைபோடும் கருவியைப் பிடித்தபடி நின்றான்.

"வலதுதானே? நீ ஒரு தடவை பாரு."

அவள் அவசரப்படவில்லை. தகட்டைத் தூக்கிக்கொண்டு இறக்கையின் மறுபக்கம் போனாள். வைத்துப் பார்த்தாள், திருப்பி வைத்தும் பார்த்தாள். திரும்பி வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"வலதுதான். துளை போடு."