ஈயம்

உயிரோடு இருக்கும் எவருடைய ரத்தத்திலும் ஈயம் அந்த எண்ணுக்கு ஏறாது. காலையிலிருந்து நின்றே வேலை பார்த்துக் கால் மரத்துப்போயிருந்த லேப் டெக்னீஷியன், சோதனைக் குழாயில்தான் ஏதோ கலந்திருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, அமிலத்தில் கழுவிய புதுக் குழாயில் ரத்தத்தை இன்னும் நீர்க்கவைத்து மறுபடி ஏற்றினாள். புகையை உறிஞ்சும் விசிறி ஓயாமல் இரைந்தது. தொண்டையில் அமில நெடி ஒட்டியது. இயந்திரத்தின் சின்ன உலை அந்தத் துளியைச் சுட்டுப் பொசுக்கும்போது சுவரில் செவ்வொளி எழுந்து அடங்கியது.

அதே எண்.

ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வேறு ரத்தத்தை ஏற்றினாள். அது சரியாகவே காட்டியது. இயந்திரத்தின்மேல் பழி போடவும் வழியில்லை.

ரத்தம் அவள் தம்பியுடையது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. வயிற்றுவலி, கை ஓய்ச்சல் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தியவனை, நேற்று இவள்தான் தரதரவென்று இழுக்காத குறையாகக் கூட்டிவந்து ரத்தம் எடுத்தாள்.

அவனுக்குப் போன் செய்து, வேலையைப் போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். கீழேதான் நிற்கிறேன், மேலே வருகிறேன் என்றான் அவன்.

படியில் காலடி கேட்டது. அவன் ஒல்லிப்பிச்சான், காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று வீட்டில் எல்லோருக்கும் கேலி. இந்தக் காலடிக்கோ மேஜைமேல் கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுத்தன. ஒரு படி. நிறுத்தம். இன்னொரு படி.

உள்ளே வந்து உட்கார்ந்தான். இரும்பு நாற்காலியின் கால்கள் மெல்ல அகன்று வளைந்தன.

“ரொம்ப அசதியா இருக்குக்கா. வேற ஒண்ணுமில்ல.”

பேசியபோது ஈறோரம் ஈயம் படிந்த நீலக்கோடு தெரிந்தது. மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. நாடி தேடினாள். விரலை மாற்றி வைத்தாள். இல்லை. கையைத் தூக்கப் பார்த்தாள். இரண்டு கையாலும் பார்த்தாள். அசையவில்லை.

“இன்னைக்கு வேலைக்குப் போகாதடா.”

“ஷிஃப்டுக்கு நேரமாச்சு. எல்லாரும் வந்துட்டாங்க. எனக்காகத்தான் நிக்கிறாங்க.”

ஜன்னலுக்குப் போனாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழே பட்டறைக்காரர்கள். சாம்பல் பூத்த முகங்கள். தார்ச்சாலை கணுக்கால்வரை அவர்களை உள்வாங்கியிருந்தது. ஒருவரும் காலை எடுக்கவில்லை. அண்ணாந்து ஜன்னலையே பார்த்தபடி, அலுத்துப்போய், வாய் லேசாகத் திறந்து.

யாருடைய மார்பும் ஏறி இறங்கவில்லை.