ஏரியில் வைத்த சோறு

தட்டில் ஒரு பருக்கைகூட இல்லை.

சிறிதேவிக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். காலையிலிருந்து எதுவும் போகாத வயிறு. காகம் தொட்ட பிறகுதான் தனக்குச் சாப்பாடு என்ற விரதம். ஆனால் அவள் குனிந்தபடியே நின்றாள். விடியக் கொட்டிய பனி உறைந்த ஏரி முழுக்கப் புதிதாய், கலையாமல் கிடந்தது, அதில் அவளுடைய சப்பாத்துத் தடங்கள் மட்டும் கரையிலிருந்து வந்து, திரும்பிப் போய், இப்போது மறுபடி வந்திருந்தன. காகத்தின் கால் இல்லை. நரியின் கால் இல்லை. இறக்கை அடித்த கீறல்கூட இல்லை. தட்டின் உட்புறம் மெல்லிய ஐஸ் படர்ந்து மினுங்கியது. யாரோ தண்ணீரில் அலசி, வைத்த இடத்திலேயே திரும்ப வைத்ததுபோல.

ஒரு எட்டுக்கு அப்பால் தண்ணீர் அள்ள ஐஸில் வெட்டிய துளை. வாளி போகிற அகலம். கறுப்புத் தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்றது.

நகரத்தில், அம்மருட் வீட்டில் இந்தச் சிக்கலே இல்லை. எட்டாம் மாடி பல்கனிக் கம்பியில் சாம்பல் முதுகுக் காகமொன்று சனிக்கிழமைகளில் அவளுக்கு முன்னமே வந்து காத்திருக்கும். பறவைகளுக்குச் சாப்பாடு வைக்கக் கூடாதென்று கட்டடச் சங்கம் எச்சரித்தும் அவள் விடவில்லை. புருசன் ரவீந்திரன் ஸ்ட்ரோம்மனில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடது காலை முறித்துக்கொண்ட வருசம், ஏழரைச் சனி நடக்கிறது, உயிருக்கே கண்டம் இருக்கிறது என்றார் சாத்திரியார். அன்றிலிருந்து பிடித்த விரதம். மருத்துவமனை விரிப்புகளை வெளுக்கிற இடத்தில் ஈரத்துணி தூக்குகிற வேலை அவளுக்கு. சனிக்கிழமை வேலை விழுந்தாலும் வெறும் வயிற்றோடு தூக்கியிருக்கிறாள். அந்த மனிதன் காலை இழுத்துக்கொண்டாவது இன்றைக்கும் நடக்கிறான் என்றால் அதில் அந்தக் காகத்துக்கும் பங்குண்டு என்பது அவள் கணக்கு.

இங்கே காகமே இல்லை. ஸ்வீடன் எல்லையோரம், மூன்று மணிநேரம் கார் ஓடி வந்து, காரைத் தெருவில் விட்டுவிட்டு, உறைந்த ஏரியைப் பனி ஸ்கூட்டரில் குறுக்கே கடந்துதான் இந்த மரவீட்டுக்கு வரலாம். கரண்ட் இல்லை. தொலைபேசிக்குச் சிக்னல் அக்கரையில்தான். வீட்டைச் சுற்றி இருண்ட காடு. அதற்குள் சோறு வைத்தால் எந்தப் பறவைக்கும் தெரியாது என்றுதான் தட்டைத் திறந்த ஏரிக்குக் கொண்டுபோனாள். குந்தியிருந்து, தலைச் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, "கா… கா…" என்று தொண்டை நோகக் கூப்பிட்டாள். காடு குரலைத் திருப்பிக்கூட அனுப்பவில்லை.

"காகம் விசா எடுத்துக்கொண்டு வரவேணுமெல்லோ தங்கச்சி, கொஞ்சம் சுணங்கும்," என்று வாசலில் நின்று சிரித்தார் ஜெயரத்தினம். ரவீந்திரனோடு ஒரே சாரத்தில் வேலை செய்தவர். இந்த விடுமுறைப் பயணமும் ஸ்கூட்டர் வாடகையும் அவருடைய ஏற்பாடு. முதல்நாள் துளையைப் போட்டதும் அவர்தான். லொறி போனாலும் தாங்கும் ஐஸ் என்று காலால் உதைத்துக் காட்டியிருந்தார்.

வெறுந்தட்டோடு வீட்டுக்குள் போனபோது ரவீந்திரன் நிமிர்ந்து பார்த்தான்.

"சாப்பிட்டிட்டுதே?"

பசி கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அடுப்பில் பருப்பு கொதித்தது.

"ஓம்," என்றாள்.

பொய் சொல்லிவிட்டு இருந்து சாப்பிட்டாள். முதல் வாயில் சோறு குளத்துச் சேறாய் மணத்தது. விழுங்கினாள். அடுத்த வாயில் ஒன்றுமில்லை.

பின்னேரம் ஆண்கள் இருவரும் ஸ்கூட்டருக்குப் பின்னால் இழுவைப் பலகையைக் கொளுவிக்கொண்டு, அக்கரையில் விட்ட காரிலிருந்து விறகெடுக்கப் போனார்கள். இயந்திரத்தின் சத்தம் அக்கரையில் தேய்ந்து, நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அது வேறு சத்தமாக இருந்தது. மேட்டில் ஏறுகிற பாரவண்டியின் முக்கல். சமதரையாய்க் கிடக்கிற ஏரியில் அப்படி முக்குவதற்கு என்ன இருக்கிறது என்று அவள் யன்னலுக்கு வந்தாள். துளையடியில் ஸ்கூட்டர் நின்றுபோயிருந்தது. இருவரும் இறங்கிப் பலகையைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு, விறகை மட்டும் கையால் அணைத்துக்கொண்டு வெறும் ஸ்கூட்டரில் கரைக்கு வந்தார்கள்.

"மெசின் சரியில்லை," என்றார் ஜெயரத்தினம். "காசை வாங்கிக்கொண்டு கழிச்சு விட்டதைத் தந்திருக்கிறான், நாசமாப் போவான்."

"மெசின் இல்லை மச்சான்." ரவீந்திரன் கையுறையைக் கழற்றாமலே நின்றான். "பலகைதான். இந்தத் துண்டு விறகு என்ன பாரம்? துளையைத் தாண்டேக்கை பின்னாலை ஆரோ ஏறி இருந்தமாதிரி இழுத்தது. பலகையின்ரை தடத்தைப் பாத்தனியே? துளைக்கு அங்காலை விரலளவு ஆழம். இஞ்சாலை முழங்கையளவு."

"உனக்கும் விசர் பிடிச்சிட்டுது. வீட்டிலை ஒண்டு காணாதெண்டு."

சிறிதேவி கேட்டுக்கொண்டு நின்றாள். ஆண்களின் உடுப்பிலிருந்து பெற்றோல் மணத்தோடு இன்னொரு மணமும் வந்தது. அழுகின இலை, இரும்பு, பழைய தண்ணீர். மத்தியானம் முதல் வாய்ச் சோற்றில் வந்த அதே மணம்.

மூன்றரைக்கே வெளிச்சம் போய்விட்டது. மார்கழியில் இந்த நாட்டில் பகல் என்பது பேருக்குத்தான். ஆனால் அம்மருட்டில் இருட்டினால் எதிர்க் கட்டடத்தின் யன்னல்கள் பற்றும், பஸ் வரும், படிக்கட்டில் ஆரோ கதைப்பார்கள். இங்கே இருட்டு நேரே சுவரில் வந்து சாய்ந்தது. குளிர் பலகை இடுக்குகளை ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்து உள்ளே வர வழி தேடியது, அடுப்பில் விறகு வெடித்தது, ஏரியில் ஐஸ் எங்கோ நெடுக விரிசல்விட்டு, பெரிய மிருகம் புரண்டு படுப்பதுபோல ஒரு முனகல் கரைவரை வந்து ஓய்ந்தது.

தேநீர்க் கோப்பை எடுக்கப் போனவள் தட்டு ராக்கையைப் பார்த்தாள். மத்தியானம் கழுவித் துடைத்து அவள் கையால் வைத்த தட்டு அங்கே இல்லை.

வாசல் கதவைத் திறந்தாள். படியில் இருந்தது. வெறுந்தட்டு. கதவுக்கு நேரே, சாப்பிட வந்து உட்கார்ந்தவன் தனக்கு முன்னால் இழுத்து வைத்துக்கொள்கிறமாதிரி.

"ஜெயண்ணை, நீங்களே இதை வெளியிலை வைச்சது?"

"நான் ஏன் வைக்கிறன்? நரிக்கு உம்மடை கைப்பக்குவம் பிடிச்சுப்போச்சாக்கும். தானே எடுத்துக்கொண்டு போய் வரிசையிலை நிக்குது."

ரவீந்திரன் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஏரியிலிருந்து அது கேட்டது.

கா… கா…

ஜெயரத்தினம் தொடையில் அடித்தார். "இந்தா வந்திட்டார், சனீஸ்வரன்ரை வாகனம்! விசா கிடைச்சிட்டுது!"

"இருட்டினாப் பிறகு காகம் கத்துமே?" என்றான் ரவீந்திரன்.

சிறிதேவிக்கு அந்தக் குரல் தெரியும். அது காகம் கத்தியதல்ல. காகத்தைக் கூப்பிட்டது. இரண்டாவது கூப்பாட்டின் கடைசியில் தொண்டை கரகரத்து உடைகிற இடம்வரை, மத்தியானம் அவள் கூப்பிட்ட அதே கூப்பாடு.

"பலகை துளையடியிலை கிடக்கு," என்று எழுந்தார் ஜெயரத்தினம். "பனி கொட்டினால் விடிய உறைஞ்சு ஒட்டிப்போகும். இழுத்துக்கொண்டு வாறன். அப்பிடியே உம்மடை காகத்துக்கும் ஒரு கும்பிடு போடுறன்."

"வேண்டாம் அண்ணை. விடியப் பாப்பம்."

"உறைஞ்சு உடைஞ்சால் வாடகைக்குத் தந்தவனுக்கு நீரே பதில் சொல்லுறது?"

ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. முன்விளக்கு மரங்களைத் துடைத்து ஏரிக்கு இறங்கியது. இயந்திரத்தின் சத்தம் துளையைத் தாண்டியும் போனது. நிற்கவில்லை. நடு ஏரிவரை போனது. பிறகு நின்றது, தேய்ந்து நிற்கவில்லை, கத்தியால் வெட்டியதுபோல நின்றது. விளக்கும் இல்லை.

இருவரும் யன்னலில் நின்றார்கள். அடுப்பில் ஒரு கட்டை எரிந்து விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

கா… கா…

ரவீந்திரன் சப்பாத்தை மாட்டத் தொடங்கினான்.

"இஞ்சேருங்கோ. போகாதேங்கோ."

"ஒரு மனுசன் வெளியிலை நிக்கிறான் தேவி. இந்தக் குளிருக்கு அரைமணித்தியாலம் தாங்கமாட்டான்."

அவள் அவனுடைய கையைப் பிடித்தாள். "நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். காகம் சாப்பிடேல்லை. ஒரு கால்தடமும் இல்லை. வேறை ஏதோ வந்து திண்டிட்டுப் போயிருக்கு. அதை நான்தான் கூப்பிட்டனான். அது திண்டாப் பிறகு நானும் திண்டனான்."

அவன் கையை விடுவித்துச் சப்பாத்துக் கயிற்றை இறுக்கினான். அவன் சாரத்திலிருந்து விழுந்தபோது ஓடிவந்து முதலில் தூக்கியவர் ஜெயரத்தினம். அது இருவருக்கும் தெரியும்.

"அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்? அவனை விட்டிட்டு இருக்கச் சொல்லுறியே?"

நெற்றி விளக்கைக் கட்டினான். கயிற்றைத் தோளில் போட்டான். "கதவைப் பூட்டாதை. அவனைத் தூக்கிக்கொண்டு வரவேண்டி வந்தால் எனக்குக் கை காணாது."

நெற்றி விளக்கின் சின்ன வெளிச்சம் ஏரிக்கு இறங்கியது. வலது கால் ஒரு எட்டு, இடது கால் ஒரு இழுவை. வலது பக்கம் நிமிரும், இடது பக்கம் சாயும். அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது ஆடும்வரை அவன் இருக்கிறான். துளையைத் தாண்டியது. இன்னும் போனது. சின்னதாகியது.

இல்லை.

அவள் கண்ணைக் கசக்கினாள். இல்லை.

"ரவி!"

அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. குரல் கதவோடு நின்றுவிட்டது.

வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வந்ததற்குப் பசி என்றால் போடவேண்டும். பானையில் மிஞ்சிய சோறு முழுவதையும் தட்டில் கொட்டினாள். பருப்பை ஊற்றினாள். எள்ளுப் போத்தலைக் கவிழ்த்தாள். பாதி நிலத்தில் சிந்தியது. தட்டைப் படியில் வைத்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கொள்," என்றாள் இருட்டைப் பார்த்து. "அவரை விட்டிடு. மனுசனை விட்டிடு."

கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை. அவன் பூட்டாதே என்றிருந்தான். கதவில் முதுகை வைத்து உட்கார்ந்தாள்.

குளிர் கதவின் அடியால் வந்து தொடையைத் தொட்டது.

அழுகின இலை. இரும்பு.

வெளியே தட்டு மரப்படியில் உரசியது. மெதுவாக. ஒரு முறை.

எடுத்துவிட்டது. எடுக்கட்டும். தின்னட்டும். தின்றுவிட்டுப் போகட்டும்.

தின்கிற சத்தம் இல்லை.

காத்திருந்தாள். இல்லை.

கதவை விரலளவு திறந்தாள். படி வெறுமை. ஒரு பருக்கை சிந்தவில்லை. தட்டு போயிருந்தது. படியிலிருந்து ஏரிக்கு ஒரே ஒரு அகலமான தடம், நனைந்த விரிப்பை நிலத்தில் இழுத்துக்கொண்டு போனதுபோல. அந்தத் தடம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் வேலையில் பார்க்கிறது.

கதவைச் சாத்திவிட்டு, வெளியே தெரியட்டுமென்று விளக்கை ஊதி அணைத்தாள். யன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள்.

பனியின் வெளிறலில், துளைக்குப் பக்கத்தில் ஏதோ குந்தியிருந்தது.

அவள் குந்துகிறமாதிரியே. தலையில் சால்வை. முன்னால் தட்டு. தட்டில் அவள் கொட்டிய சோறு, கொட்டினபடி, குவியலாக.

அது தொடவில்லை. சாப்பிடவில்லை. தலையைத் தூக்கி ஏரியைப் பார்த்தது.

கா… கா…

அவளுடைய குரல். சிறிதேவி கையால் வாயைப் பொத்தினாள். வாய் மூடித்தான் இருந்தது.

நடு ஏரியில் ஒரு வெளிச்சம் வந்தது.

மேலே இல்லை. ஐஸுக்குக் கீழே. பாலுக்குள் அமிழ்ந்த சுடராய், மங்கலாய், சின்னதாய். நெற்றி விளக்களவு.

கா… கா…

வெளிச்சம் திரும்பியது. துளையை நோக்கி நகர்ந்தது.

ஒரு எட்டு. ஒரு இழுவை.

ஒரு எட்டு. ஒரு இழுவை.

இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து, தலைகீழாய், ஐஸின் அடிப்புறத்தில் நடந்து, அவளுடைய குரல் கூப்பிட்ட இடத்துக்கு அது வந்துகொண்டிருந்தது.