மாதிரிக் குடும்பம்

இல்லாத ஒருத்திக்கு யாரோ விளக்கேற்றியிருந்தார்கள்.

பெய்ஜின் முதலில் அதைத் தன் பிழை என்றே நினைத்தாள். தைவானின் கீலுங் துறைமுகத்தை ஒட்டிய மலைமேல், இறந்தவர்களின் சாம்பலை மாடம் மாடமாக வைத்திருக்கும் அஸ்திக் கோபுரத்துக்காக அவளும் அஹுங்கும் செய்த ஆப் அது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் மொபைலிலேயே தங்கள் பெரியவர்களின் மாடத்துக்கு விளக்கேற்றலாம், இரண்டு வரி எழுதி வைக்கலாம். ஆவிகள் வீடு தேடி வரும் ஏழாம் மாதம் முடிவதற்குள் வேண்டும் என்று கோபுர நிர்வாகம் நெருக்கியதால், அன்று காலைதான் அதைக் கிளவுடில் ஏற்றி எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். சோதித்துப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டபோது, பசிநேர அவசரத்தில் கற்பனையாக ஒருத்தியை உண்டாக்கியிருந்தாள். லியாவ் சூச்சின். நடுவயது. துறைமுகத்தில் மூழ்கி இறந்தவள். ஒரு மகன், ஒரு மகள்.

அந்தச் சூச்சினின் மாடத்தில்தான் இப்போது மஞ்சள் சுடர் அசைந்துகொண்டிருந்தது.

எதிர் மேசையில் இருந்த அஹுங் எட்டிப் பார்த்தான். கல்லூரியிலிருந்தே கூட இருப்பவன், எதற்கும் பதறாதவன்.

"மாதிரிக்குப் போட்டத எடுக்காமலே ஏத்திட்டு, பேய் மாசத்து மேல பழி போடப் பாக்குறியா? எவனோ கை தவறி அழுத்திருப்பான். அழிச்சுத் தொலை." கீழே கடைத்தெருவில் மீன்வடை வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அவள் அழித்தாள். சூச்சினின் பெயரையும், அவளை உண்டாக்கிய வரிகளையும் நீக்கிவிட்டு ஆப்பை மறுபடி கட்டி மேலே ஏற்றினாள். ஏறி முடிந்ததற்கான பச்சைக்குறி விழும்வரை காத்திருந்தபோது ஜன்னல் தகரத்தில் மழை ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. கீழ்க்கடைகளிலிருந்து எப்போதும் படியேறி வந்து துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொள்ளும் எண்ணெய் வாசனை மெல்ல விலகி, அதன் இடத்தில் டீசலும் பாசியும் துருவும் கலந்த வேறொரு வாடை, படகுகளுக்கு நடுவே தேங்கிநிற்கும் கறுப்புத் தண்ணீரின் வாடை, அறைக்குள் பரவியது.

பச்சைக்குறி விழுந்தது. மொபைலில் ஆப்பைத் திறந்தாள்.

சுடர் அசைந்தது. அதன் கீழே ஒரு வரி.

"அம்மா, இங்க ரொம்ப ஈரமா இருக்கு."

எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மகன்' என்று மட்டும் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அவள் பெயர்கூட வைக்கவில்லை.

பழைய பதிப்புக்குத் திரும்பினாள். பலனில்லை. கடைசியில் சர்வரையே நிறுத்தினாள். எல்லாம் நின்றுவிட்டதாக லேப்டாப் சொன்னது. கையிலிருந்த மொபைலிலோ விளக்கு எரிந்தபடியே இருக்க, அடுத்த வரி மெதுவாக, எழுத்துக்கூட்டிப் பழகும் குழந்தை தட்டுவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக வந்தது. இந்த முறை எழுதியது மகள்.

"எங்கம்மாவ ஏன் தண்ணில போட்டீங்க?"

யாரைக் கேட்கிறது அது என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

மாடத்தைக் காலிசெய்ய ஒரு பொத்தான் இருந்தது. அஸ்தியை வேறு ஊருக்கு எடுத்துப்போகிற குடும்பங்களுக்காக அவர்களே வைத்தது. வேறு எதுவும் தோன்றாமல் அதை அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் அடுத்த பக்கத்தைப் படித்தாள். எடுத்துச் செல்பவர்: பெய்ஜின். அதற்குக் கீழே அவள் வீட்டு முகவரி. சோதனைக்காகப் பொறுப்பாளர் என்று தன்னையே பதிந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அந்தப் பக்கத்தில் வழியில்லை.

'ஒப்படைக்கப்பட்டது.'

விளக்கு அணைந்தது. சூச்சின் போய்விட்டாள். எண்ணெய் வாசனை திரும்பி வந்தது. அஹுங்கும் வந்தான், பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினான். நடந்ததைச் சொன்னாள். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழு, சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். சரி என்று தலையாட்டினாள். அதற்குள் அப்பா அழைத்துவிட்டார். துறைமுகத்தில் பளுதூக்கி எந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர், அவசரமே அறியாத குரல். உன்னைத் தேடி ஆட்கள் வந்திருக்கிறார்கள், பாவம், நனைந்துபோய் நின்றார்கள், உள்ளே உட்கார வைத்திருக்கிறேன் என்றார்.

வேண்டாம் அப்பா, வெளியே அனுப்புங்கள் என்று அவள் கத்தினாள். இணைப்பு அதற்கு முன்பே போயிருந்தது.

குடையில்லாமல் ஓடினாள். கடைவாசல்களில் ஆவிகளுக்குப் படைத்த மேசைகள் மழைக்கு நெகிழித்தாள் போர்த்தி நின்றன. ஊதுவத்திப் புகை மேலே போகாமல் தரையோடு தவழ்ந்தது. வீட்டு மாடிப்படியில் ஈரக் காலடிகள். மேலேறிப் போனவை மட்டும். ஒரு பெரிய ஜோடி. இரண்டு சின்ன ஜோடி. திரும்பி இறங்கியதற்கு அடையாளமே இல்லை.

கதவு திறந்திருந்தது.

"வந்துட்டியா ஜின்," என்றார் அப்பா. சமையலறை மேசையில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, அவளுக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டு ஈரத்தலைகள். நாற்காலிக் கால்களைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. "புள்ளைங்க பசியோட வந்துருக்குங்க. அவங்கம்மா உள்ள குளிக்கிறா. உன் சட்ட ஒண்ண எடுத்துக் குடுத்தேன். பரவால்லதானே?"

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அப்பா, எழுந்து வாங்க. சொல்ல நினைத்தாள். உதடு மட்டும் அசைந்தது.

அப்பா ஒரு கரண்டிக் கஞ்சியைச் சின்னதிடம் நீட்டினார். கஞ்சி வழிந்து மேசையில் சொட்டியது. பொறுமையாகத் துடைத்தார்.

"சாப்பிடவே மாட்டேங்குதும்மா. நீ குடுத்துப் பாரு."

இரண்டும் திரும்பின.

பெயர் கொடுக்கவில்லை. வயது கொடுக்கவில்லை. முகமும் கொடுக்கவில்லை. நெற்றியிலிருந்து மோவாய்வரை மழமழவென்ற சாம்பல் தோல். கண் இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் கஞ்சி ஒட்டியிருந்தது.

சின்னது நாற்காலியிலிருந்து இறங்கியது. இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, காற்றைத் தடவித் தடவி, அவளை நோக்கி வந்தது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

தாழ்ப்பாள் விலகியது.

அப்பா அடுத்த கரண்டியை எடுத்து, ஊதி ஊதி ஆறவைத்துக்கொண்டிருந்தார்.