ஞாயிற்றுக்கிழமை மட்டி

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் அரிகிருஷ்ணன் பாய்ந்து எடுத்தார். கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பூர்ணிமா.

"கோவிந்தராசு ரிப்போர்ட் வந்துடுச்சு சார். கிட்னி ரெண்டும் சுருங்கிப் போயிருக்கு. உள்ள ஈயமும் காட்மியமும் ஏகத்துக்கு இருக்கு. ஒரே நாள்ல ஏறினது இல்ல... வருஷக்கணக்கா போயிருக்கு."

ஸ்லோ பாய்ஸன்!

அரிகிருஷ்ணனுக்குக் குஷி தாங்கவில்லை. கொலை கேஸ் என்றால் மனுஷனுக்குக் கல்யாணச் சாப்பாடு.

கோவிந்தராசு நோணாங்குப்பத்தில் ஆற்றுச் சேற்றிலிருந்து மட்டிச் சிப்பி அள்ளி விற்றவன். மூன்று வருஷமாகக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, நாற்பத்தொரு வயதில் போன வாரம் செத்தான். பெண்டாட்டி அமிர்தவல்லிதான் எதையோ கலந்து கொடுத்துவிட்டாள் என்று அவன் அண்ணன் புகார் எழுதிக் கொடுத்திருந்தான்.

"அந்தம்மா ரத்தம்?"

"சுத்தமா இருக்கு."

போதாதா! ஒரே வீடு, ஒரே அடுப்பு. புருஷனுக்கு மட்டும் விஷம்!

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆள் ஒருவரின் ரத்தம் வேண்டும் என்று டாக்டர் முன்பே கேட்டிருந்தார். என்னைவிட ஆரோக்கியமா யாரு என்று இன்ஸ்பெக்டரே கையை நீட்டியிருந்தார். அந்த ரிசல்ட் மட்டும் பாக்கி.

எதிரே பெஞ்சில் அமிர்தவல்லி. அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்திருந்தாள்.

"சோத்துல என்ன போட்ட?"

"மட்டிக் கொழம்பு சார். ஒடம்பு தேறட்டும்னு தெனமும் மட்டி சூப்பும் வச்சிக் குடுத்தேன்."

"நீ சாப்புடல?"

"மூணு வருஷமா கவுச்சி தொடல சார். அவரு பொழைக்கணும்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்."

ஏட்டு சாமிக்கண்ணு தொண்டையைக் கனைத்தார்.

"ஆத்துக்கு மேல பழைய பேட்டரி ஒடைக்கிற கொட்டாய்ங்க இருக்கு சார். கழுவுற தண்ணி நேரா ஆத்துலதான் எறங்குது. சேத்துல கெடக்கிற மட்டி அதையேதான் குடிக்குது..."

அமிர்தவல்லி மெல்ல நிமிர்ந்தாள்.

"அப்ப நான்தான் சார் குடுத்தேன். என் கையாலதான் குடுத்தேன்."

வாக்குமூலம்! ஆனால் எழுதிக்கொள்ள இன்ஸ்பெக்டருக்குக் கை வரவில்லை.

அவள் நிறுத்தவில்லை. "தண்ணி கறுப்பா வருதுன்னு போன வருஷமே மனு கொண்டாந்தேன் சார். மட்டி வாளிய வாங்கி உள்ள வச்சிக்கிட்டு, மனுவ என் கையிலயே குடுத்து அனுப்பிட்டீங்க."

அரிகிருஷ்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு வாளி மட்டி. நாலு வருஷ மாமூல். இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு என்று பெரிது பெரிதாகப் பொறுக்கிப் போட்டுக் கோவிந்தராசுவே கொண்டுவந்து கொடுப்பான்; அவனுக்கு முடியாத நாளில் அமிர்தவல்லி.

மறுபடியும் போன்.

"சார்..." டாக்டர் தயங்கினார். "உங்க ரத்தத்துலயும் அதே ரெண்டும் இருக்கு. கிட்னி பாதிதான் வேலை செய்யுது."

"மருந்து இருக்குல்ல டாக்டர்?"

"மேல கெடாம பாத்துக்கலாம். போனது போனதுதான் சார்."

அரிகிருஷ்ணன் ரிசீவரை வைத்தார். வீட்டில் அவர் மனைவியும் மகளும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டிருந்தார்கள். யாரைப் பிடித்து உள்ளே போடுவது? ஆற்றையா?

"நான் போவலாமா சார்?" என்றாள் அமிர்தவல்லி.



சாமிக்கண்ணு பேனாவைத் திறந்தார்.

"சார்... உங்க பேரைச் சாட்சில எழுதவா, இல்ல செத்தவங்க பக்கம் கொஞ்சம் எடம் வுட்டு வைக்கவா?"