கதாநாயகனுக்கு ஒரு குரல்

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாடிப்படித் திருப்பத்தில் ஒருவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

முதல் மாடிக் கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தாள். கையில் காகிதக் கட்டு. கண்ணில் அவசரம்.

"சார், உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

அவன் திகைத்துப் பார்த்தான்.

"ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க... கொஞ்சம் சத்தமா, தடுமாறாம படிக்க வருமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம்தான். எப்படியும் மழை விடுற வரைக்கும் நிக்கத்தானே போறீங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஆங்..." என்றுதான் வந்தது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள். அவனும் பின்னாலேயே போனான். ஏன் போனோம் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறான். பெரிய கண்கள் அவளுக்கு... படியில் அடித்த சாரல் பட்டு இமையெல்லாம் நனைந்திருந்தது. அந்தக் கண்கள் ஒன்றைக் கேட்டால் முடியாது என்று சொல்ல எவனுக்கும் வாய் வராது. அவனுக்கோ அன்று எதைச் சொல்லவுமே வாய் வரவில்லை.

உள்ளே, வாரநாட்களில் நடன வகுப்பு நடக்கும் கூடம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருமே சினிமாவுக்குத் திரைக்கதை எழுதுகிறவர்கள், அல்லது எழுதிக்கொண்டே இருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுவார்கள். யாராவது ஒருவர் தன் காட்சிகளைக் கொண்டுவருவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகச் சத்தமாக வாசிப்பார்கள். காகிதத்தில் இனிக்கிற வசனம் காதில் விழும்போது கசந்துபோகும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கூட்டம்.

கூட்டத்தை நடத்துகிறவரை எல்லாரும் தலைவர் என்பார்கள். அங்கே படம் வெளிவந்த ஒரே ஆள் அவர்தான். போஸ்டரில் பசை காய்வதற்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள், அது வேறு விஷயம். அவருக்குப் பக்கத்தில் நர்ஸ் அக்கா. பகலெல்லாம் உயிரைக் காப்பாற்றுவார். எழுதுவதெல்லாம் கொலைக் கதை. நம் நாயகிக்கு டிவி சீரியல் ஒன்றில் வசனம் எழுதும் வேலை. மாமியார் பேசும் வசனமெல்லாம் அவள் பொறுப்பு. அதனால் கல்யாணமே ஆகாதவளுக்கு அங்கே 'மாமியார்' என்று பெயர். ஆனால் அவள் ஆசையாக எழுதி வைத்திருந்தது ஒரு காதல் கதை. அன்று அதைத்தான் வாசிக்க இருந்தார்கள். கதாநாயகன் வசனத்தைப் படிக்க வேண்டிய ஆள் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டார்.

"ஆள் பிடிச்சிட்டேன்" என்று அவனை உட்காரவைத்துக் காகிதத்தைக் கொடுத்தாள்.

அவன் படித்தான்.

"உங் கங்ஙப் பாக்கும்போதெல்லாங்... நாங் என்ஙயே மறங்கிறேங்..."

கூடமே சிரித்தது. நர்ஸ் அக்கா நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார். அவன் பரிதாபமாக விரலை மேலே காட்டினான். இரண்டாம் மாடியில் பல் டாக்டர்.

"ஊசி..." என்றான். "மரங்துபோச்சு..."

அவள் முகம் சிவந்துவிட்டது. "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்ஙவே இல்லியே..."

மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து எழுதிய காதல் காட்சி... ஊரே சிரிக்கிற மாதிரி ஆகிவிட்டதே என்று அன்றிரவு அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இருந்தவள், அவன் விரலை உயர்த்திக் காட்டிய விதம் நினைவுக்கு வந்து சிரித்தும் விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவனே வந்து நின்றான். வீக்கம் வடிந்த முகம் பார்க்க நன்றாகவே இருந்தது.

"போன வாரம் உங்க ஹீரோவைக் கொன்னுட்டேன். இன்னைக்கு உயிர் கொடுக்க முடியுமான்னு பார்க்கலாம்னு வந்தேன்" என்றான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மாமியார் மாமியார்னு கூப்பிடுறாங்களே, அந்தம்மா இன்னைக்கு வரலையா?"

"நான்தான் அந்தம்மா" என்றாள் அவள்.

அவன் வாசித்தான். நடிக்கவில்லை, இழுக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல, தணிந்த குரலில். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தான் எழுதிய சொற்கள் ஒரு மனிதனின் மூச்சோடு வருவதை அவள் முதன்முறையாகக் கேட்டாள்.

வாசித்து முடித்துவிட்டு, "ஒரு சந்தேகம்" என்றான். "கண்ணைப் பார்த்தா ஒருத்தன் தன்னையே மறந்துடுவானா? நானும் தினமும் எத்தனையோ கண்ணைப் பார்க்குறேன்."

"அப்படி என்ன வேலை பார்க்குறீங்க?"

"மூக்குக்கண்ணாடிக் கடை."

தலைவரே சிரித்துவிட்டார். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். "அப்போ நீங்களே எழுதிக்கோங்களேன்" என்றாள் வெடுக்கென்று. ஆனால் வீட்டுக்குப் போனதும் அந்த வரியை அடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் வாராவாரம் வந்தான். நர்ஸ் அக்காவின் கதையில் போலீஸ்காரர், தலைவர் கதையில் பிணம்கூட. "பிணத்துக்கு வசனமே இல்லையே" என்றால், "அசையாம இருக்கேன், அதுவும் கஷ்டம்தான்" என்பான். அவள் முறை வந்தால் மட்டும் சட்டையின் கையை மடித்துவிட்டு நிமிர்ந்து உட்காருவான். அதை நர்ஸ் அக்கா பார்த்தார். பார்த்துவிட்டு அவளை இடித்தார். அவள் ஒன்றும் தெரியாதவள் போலக் காகிதத்தைப் புரட்டினாள்.

ஒரு ஞாயிறு எல்லாரும் போன பிறகு மறுபடி மழை பிடித்துக்கொண்டது. இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். பேச்சோடு பேச்சாக அவள் கேட்டாள்: "உங்க வீட்டுல யாரெல்லாம்?"

"அப்பாவும் நானும்."

பிறகு மழையைப் பார்த்துக்கொண்டே அவனே சொன்னான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. கடையிலிருந்து அவன் தினமும் மத்தியானம் போன் பண்ணுவான். அப்பா ரிசீவரை அம்மா காதில் வைப்பார். இவன் பாட்டுக்குப் பேசுவான். அம்மா மோதிர விரலால் ரிசீவரைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் சாப்பிட்டேன். இரண்டு தட்டு என்றால் சீக்கிரம் வா.

"அம்மா போனதுக்கு அப்புறம் ஒரு நாள் பழக்கத்துல டயல் பண்ணிட்டேன். அப்பா எடுத்தார். ரெண்டு பேருக்கும் என்ன பேசுறதுன்னு தெரியல. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு வெச்சுட்டோம்... இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்திப் பேசினதே இல்ல."

அவன் கை பக்கத்திலேயே படியில் இருந்தது. தொட நினைத்தாள்... தொடவில்லை.

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து எழுத உட்கார்ந்தாள். விரல்கள் தானாக ஓடின. கதாநாயகன், தொலைபேசி, ஒரு தாய், ஒரு தட்டு, இரண்டு தட்டு... எழுதும்போதே கண்ணீர் வழிந்தது. இத்தனை நாள் உயிரில்லாமல் கிடந்த கதாநாயகன் அந்த ஒரு காட்சியில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவனிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. முதலில் வாசித்துக் காட்டுவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நினைப்பைத் தள்ளிவைத்தாள்.

அடுத்த ஞாயிறு தலைவர் ஓர் இயக்குநரை அழைத்து வந்திருந்தார். நல்ல கதை கிடைத்தால் எடுக்கத் தயாராக இருந்தவர். கூடம் நிறைந்திருந்தது. அவன் வழக்கம்போலக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசித்தான். புதிய பக்கங்கள் வந்தன. கதாநாயகன் போனை எடுக்கிறான்...

இரண்டு வரி படித்தான். மூன்றாவது வரியில் குரல் நின்றது. மீதி வரிகளில் கண்ணோட்டினான். பிறகு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை; அடிபட்ட குழந்தையின் பார்வை அது.

"நான் உங்ககிட்ட சொன்னேன்" என்றான் மெதுவாக. "வசனம் எழுதுறவங்ககிட்ட சொல்லல."

பக்கங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது. மீதியைத் தன்னிடம் இருந்த பிரதியிலிருந்து தலைவர் வாசித்தார். முடிந்ததும் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "அந்த போன் காட்சிதான் படம்மா. இதை நான் எடுக்குறேன்."

எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை அது... அவள் எழுந்து நின்றாள்.

"சார், அந்தக் காட்சி வராது. அது என்னுது இல்ல. கேட்காம எடுத்துட்டேன்."

"அது இல்லாட்டி இதுவும் பத்தோட பதினொண்ணா ஒரு காதல் கதைதான்" என்றார் அவர், வருத்தமாகவே. "யோசிங்க. மனசு மாறினா போன் பண்ணுங்க."

அவர் போனதும் நர்ஸ் அக்கா அவள் தோளில் கை வைத்தார். "கேட்டுட்டு எழுதியிருக்கணும்டி."

"தெரியும்க்கா."

"சரி, தெரிஞ்சிருக்குல்ல. போய்ச் சொல்லு. இங்கே அழுது என்ன பிரயோஜனம்?"

போக இரண்டு மூன்று நாள் ஆனது. சுயமரியாதை ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது... கடைசியில் இருக்கிற முகத்தை வைத்துக்கொண்டே போனாள்.

கடை வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கண் டெஸ்டாம்மா?"

"இல்லைங்க... அவரைப் பார்க்கணும். நான்... எழுதுறவ."

பெரியவர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். அவளை நன்றாகப் பார்த்தார். "அந்தப் பேப்பரை எழுதின பொண்ணா?" என்றார். திட்டப்போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உள்ளே ரூம்ல இருக்கான். போம்மா" என்றார். குரல் இதமாக இருந்தது.

கண் பரிசோதனை அறை அரை இருட்டாக இருந்தது. எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக. லென்ஸ் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்தது அத்தனையும் மறந்துபோனது அவளுக்கு.

"அந்தக் காட்சியைக் கதையிலேர்ந்து நீக்கிட்டேன். இயக்குநர்கிட்டயும் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்கன்னு கேட்கத்தான்..." பார்வையை எழுத்துப் பலகைக்குத் திருப்பினாள். "நீங்க சொன்னதை எங்கே வெச்சுக்கிறதுன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்ச இடம் காகிதம்தான். அங்கே வெச்சேன். தப்புதான்."

அவன் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். தானும் எதிரே உட்கார்ந்தான்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் பேப்பரை மேஜையில வீசிட்டுப் படுத்துட்டேன். காலையில பார்த்தா அப்பா அதைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். யாரு எழுதினதுன்னு கேட்டார். சொன்னேன். அப்புறம் அவரே, 'ஒரு இடம் மட்டும் தப்பா இருக்குடா'ன்னார்."

"எந்த இடம்?"

"கடைசி மாசங்கள்ல அம்மாவால ஒரு தடவைக்கு மேல தட்ட முடியலையாம். அந்த ரெண்டாவது தட்டு..." அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. "அதை அப்பாதான் தட்டியிருக்கார். நான் சீக்கிரம் வரணும்னு. வாய்விட்டுக் கேட்க அவருக்குத் தெரியல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு ஆம்பளைங்க இருக்கிற வீடு. டிவி மட்டும்தான் பேசும். இப்போ அப்பா பேசுறார். கல்யாணமான புதுசுல அம்மா எப்படிச் சண்டை போடுவாங்கன்னுகூடச் சொல்றார். நான் கேட்டதே இல்ல இதெல்லாம்... உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நேத்து உங்க தெரு வரைக்கும் வந்தேன். பாதியிலயே திரும்பிட்டேன்."

"ஏன்?"

"நன்றியை மட்டும் சொல்லிட்டு வந்துடுவேனோன்னு பயம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அரை இருட்டிலும் அவன் கண்கள் தன்னை விட்டு நகராமல் இருப்பது தெரிந்தது.

"வேற... என்ன சொல்லணும்?"

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளா. அன்னைக்குக் கோபம் வந்ததும் அதனாலதான். வேற யாராவது எழுதியிருந்தா இவ்வளவு வலிச்சிருக்காது." கொஞ்சம் நிறுத்தினான். "அந்தக் காட்சியைத் திரும்பச் சேர்த்துடுங்க. அப்பா அனுமதி கொடுத்துட்டார். நானும். ரெண்டாவது தட்டு யாருதுன்னும் எழுதுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வழிந்தது. உலகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"எழுதுறேன்" என்றாள். "ஆனா ஒவ்வொரு வரியும் உங்ககிட்ட கேட்டுட்டுதான்."

"எத்தனை நாளைக்குக் கேட்பீங்க?"

"படம் முடியுற வரைக்கும்" என்றாள். பிறகு, இன்னும் மெதுவாக, "அதுக்கு அப்புறமும்... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ஞாயிற்றுக்கிழமைக்காகவே மீதி ஆறு நாளையும் ஓட்டிட்டிருந்தேன்."

படியில் தொடாமல் விட்ட கையை இப்போது அவனே நீட்டினான். அவள் பற்றிக்கொண்டாள். வெதுவெதுப்பான கை.

"அப்பாகிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"நீங்கதானே எழுத்தாளர்."

"வாசிக்கிறது நீங்கதானே."

சிரித்துக்கொண்டே இருவரும் வெளியே வந்தார்கள். பெரியவர் நிமிர்ந்தார். மகனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கோத்திருந்த கைகளைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் கிடந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"உட்காரும்மா" என்றார்.