குப்புறக் கிடந்த கண்ணாடி

திரியாவ்னா என்ற சிற்றூரில் ஆற்றையொட்டிய அந்த மரவீட்டுக்கு மிலேனா குடிவந்த அன்று கெட்ட சகுனம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வெயில் நன்றாக அடித்தது. முற்றத்துத் திராட்சைக் கொடியில் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. உளுத்த மரமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை மட்டும், ஜன்னல்களை எல்லாம் திறந்த பிறகும் போகவில்லை.

படுக்கையறையில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன அலமாரி ஒன்று நின்றது. அதன் கதவின் உட்புறத்தில் ஆளுயரக் கண்ணாடி. முகம் மரத்தைப் பார்த்தபடியும் முதுகு வெளியே தெரியும்படியும் வைத்துத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள்.

"எவனோ குடிச்சிட்டு மாட்டியிருக்கான்," என்று சிரித்தான் கணவன் கலோயான். பெட்டிகளை இறக்கி வைத்த கையோடு லாரியை எடுத்துக்கொண்டு வர்னாவுக்குக் கிளம்பினான். வீட்டில் மிலேனாவும், தவழ ஆரம்பித்திருந்த போரில் என்னும் மகனும்தான்.

மிலேனாவுக்கு அந்தக் கண்ணாடி லாட்டரி விழுந்த மாதிரி. பழைய கண்ணாடிகளை இன்னும் பழசாக்கி விற்பது அவள் தொழில். பின்பக்கத்துப் பெயிண்டை உரித்து, அதற்கடியில் இருக்கும் வெள்ளி ரசத்தை அமிலத்தால் அங்கங்கே அரிக்கவிட்டு, கடைசியில் முதுகு முழுக்கக் கறுப்பு பூசிவிட்டால், நூறு வருஷம் இருட்டறையில் கிடந்த மாதிரி ஆகிவிடும். தலைநகர் சோபியாவின் காபிக்கடைக்காரர்கள் இப்படி அம்மை போட்ட கண்ணாடிக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். நல்லா இருந்ததை நோயாளியாக்கிச் சுவரில் மாட்டுவதில் அப்படி என்ன சுகமோ, அவர்களுக்கே வெளிச்சம்.

வயது ஒன்று நிறையும்வரை பிள்ளைக்குக் கண்ணாடி காட்டக்கூடாது என்பது அந்தப் பக்கத்துக் கட்டுப்பாடு. மிலேனா அதை நம்புகிறவள் என்று சொல்ல முடியாது. மீறுகிறவளும் இல்லை. அவள் வீட்டில் இருந்த கண்ணாடிகள் எல்லாம் சுவரைப் பார்த்துத்தான் நின்றன.

மறுநாள் காலை கூடத்தில் இரண்டு ஸ்டூல்களைத் தள்ளிப்போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கம்பளித்துண்டு போட்டு, அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிப் பாலம் மாதிரி குப்புறக் கிடத்தினாள். பெயிண்டைச் சுரண்டத் தொடங்கினாள். சாம்பல் நிறம் வந்தது. அதற்கடியில் பழுப்பு. அதற்கும் அடியில் கறுப்பு. கண்ணாடியின் முதுகுக்கு யார் இத்தனை தடவை பெயிண்ட் அடிப்பார்கள் என்று அலுத்துக்கொண்டாள்.

போரில் கீழே எங்கோ தவழ்ந்துகொண்டிருந்தான். தூக்கச் சொல்லி அழவில்லை. கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே இருந்தான். இப்படி அம்மாவை வேலை செய்ய விடுகிற பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்து வீட்டு ஸ்தோயான்கா, புது ஆட்களைப் பார்த்துப்போகலாம் என்று ஒரு தட்டில் சூடான பாலாடைக்கட்டிப் பலகாரம் பனிட்சாவோடு வந்தாள். வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"ஏன்டி, பிள்ளை யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்குது?"

மிலேனாவும் குனிந்தாள்.

கண்ணாடிக்கு அடியில் போரில் மல்லாந்து கிடந்தான். அவன் மூக்குக்கு இரண்டு சாண் மேலே, காலையிலிருந்து, கண்ணாடியின் முகம்.

அவள் அவனை வெளியே இழுத்தாள். ஸ்தோயான்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு நேரமா கிடக்கான்?"

"இப்பதான்க்கா," என்று பொய் சொன்னாள் மிலேனா.

அதற்குப் பிறகு போரில் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. ஊட்டினால் விழுங்கினான், படுக்க வைத்தால் கண்ணை மூடினான். பசித்தாலும் சத்தம் இல்லை. மிலேனா கலோயானுக்குப் போன் போட்டாள்.

"அவன் அழவே மாட்டேங்கறான்ங்க."

"இதுக்கெல்லாமா போன் பண்ணுவே? ஊர்ல அவளவளுக்குப் பிள்ளை அழுவுதேன்னு கவலை."

கண்ணாடியைச் சீக்கிரம் முடித்து வீட்டைவிட்டு அனுப்பினால்தான் நிம்மதி என்று நினைத்தாள். அடுத்த நாள் ஸ்தோயான்காவைக் கூப்பிட்டுப் போரிலை மடியில் கொடுத்து, சமையலறையில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். கையுறை போட்டுக்கொண்டு, அமிலத்தைப் பஞ்சில் தொட்டு ரசத்தின் மேல் ஒற்றினாள். மூக்கை அறுக்கும் நெடி எழுந்தது. வெள்ளி கரைந்து நெல்லிக்காய் அளவுக்கு ஒரு துளை விழுந்தது. அதன் வழியே கீழே தரைப்பலகை தெரிந்தது.

இரண்டாவது துளை. தரைப்பலகை.

மூன்றாவது துளை.

ஒரு கண்.

மிலேனா பின்வாங்கினாள். சமையலறைக் கதவு மூடியேதான் இருந்தது. மெல்ல மண்டியிட்டு ஸ்டூல்களுக்கு நடுவே பார்த்தாள். வெறும் தரை. ஒரு தூசி கூட அசையவில்லை.

எழுந்து மறுபடி துளை வழியே பார்த்தாள்.

போரில் மல்லாந்து கிடந்தான். அவளைப் பார்த்துக் கைகளை நீட்டினான்.

சுவருக்கு அப்பால் ஓடும் ரேடியோ போல மங்கலாக, அவன் சிரிப்பு கேட்டது.

"அக்கா," என்றாள். "போரில் எங்கே?"

"என் மடியிலதான்டி. ஏன்?"

கதவைத் திறந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்தோயான்கா வந்தாள். துளை வழியே பார்த்தாள்.

"கறுப்பு பூசிடு. இப்பவே. முன்னாடி இருந்தவங்களும் அதைத்தான் செஞ்சிருக்காங்க."

"உள்ள இருக்கறது என் பிள்ளைக்கா."

"உன் பிள்ளை இதோ என் இடுப்புல இருக்கான்."

மிலேனா திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் இருந்த குழந்தை அவளைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. அது தன் பிள்ளையின் உடம்பு, அவ்வளவுதான் என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

ரசம் இருக்கிறவரைதான் அது கண்ணாடி. ரசம் போய்விட்டால் வெறும் ஜன்னல். ஜன்னலுக்குள் யாரையும் பூட்டிவைக்க முடியாது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. புட்டியைக் கவிழ்த்தாள். அமிலம் பரவப் பரவ வெள்ளி சாம்பல் குழம்பாக ஓடியது. துடைக்கத் துடைக்கப் போரிலின் தலை தெரிந்தது, மார்பு தெரிந்தது, நீட்டிய கை தெரிந்தது.

அந்தக் கையின் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்திருந்தது.

அதுவும் குழந்தைக் கைதான். போரிலின் கையைவிடச் சின்னது.

"நிறுத்துடி," என்று கிசுகிசுத்தாள் ஸ்தோயான்கா. "கூட ஒண்ணு இருக்கு."

மிலேனாவின் பஞ்சு ஒரு கணம் நின்றது. நிறுத்தினால் மகன் உள்ளேயே. துடைத்தால் இரண்டும் வெளியே. பெற்றவளுக்கு அதற்குமேல் கணக்குப் போடத் தெரியவில்லை.

துடைத்தாள்.

கண்ணாடி முழுக்கத் தெளிந்தது. கீழே தரைப்பலகை மட்டும். அவள் முதுகுக்குப் பின்னால் போரில் வீடே அதிரும்படி வீறிட்டு அழுதான். ஒரு அழுகை இவ்வளவு இனிக்கும் என்று மிலேனாவுக்கு அதுவரை தெரியாது. அவனை மார்போடு அணைத்துக்கொண்டு அவளும் ஓவென்று அழுதாள்.

கண்ணாடியை அன்றே உடைத்துப் புதைத்தார்கள். கலோயானிடம் இருவரும் மூச்சு விடவில்லை.

சில வாரம் கழித்துப் போரில் நடக்க ஆரம்பித்தான். முதல் நடைக்கு ஊர் வழக்கப்படி கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வட்ட ரொட்டியை உருட்டிவிட்டார்கள். மாவு உதிர்ந்து துணியெங்கும் படிந்தது. துணியின் கோடியில் குட்டி மேஜை. அதன்மேல் சீப்பு, கத்தரிக்கோல், பென்சில், தூரிகை. பிள்ளை எதைத் தொடுகிறானோ அதுதான் அவன் தொழில். போரில் தள்ளாடித் தள்ளாடிப் போய்ச் சீப்பை எடுத்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"என் மகன் முடிவெட்டப் போறான்," என்றான் கலோயான்.

"வெட்டட்டும். உன் தலையில அவனுக்கு வேலை இல்லை," என்றாள் ஸ்தோயான்கா.

சிரித்தபடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ரொட்டியும் தேனும் சாப்பிட எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள். துணியை மடிக்க மிலேனா மட்டும் பின்தங்கினாள்.

குனிந்தவள் அப்படியே நின்றாள்.

துணியின் இந்தக் கோடியில், மாவில், ஒரு சின்னக் குழிவு விழுந்தது.

பிறகு அதற்கு முன்னால் இன்னொன்று.

ஐந்து விரல்களும் தனித்தனியாகப் பதிந்தன. போரிலின் காலைவிடச் சின்னக் கால்கள். நின்று, தடுமாறி, மறுபடி நடந்து, அவை மேஜைவரை போயின.

தூரிகை மேஜையிலிருந்து மெல்ல எழும்பி, காற்றில் நின்றது.

முற்றத்தில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தூரிகை அசையாமல் காத்திருந்தது. எதற்குக் காத்திருக்கிறது என்று மிலேனாவுக்குப் புரிந்தது. காக்க வைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அவள் துணியவில்லை.

அவள் கைகளை உயர்த்தி, சிரிக்க முயன்றபடி, மெல்லக் கை தட்டினாள்.