ஐந்து மணிக்கு வந்து பாருங்கள்

புன்னைத்துறைப் பேரூராட்சிக் கூட்ட அறையில் அந்தச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்து அமர்ந்திருந்தவர்கள் இவர்கள்தான்.

மேடையில், மின்விசிறிக்கு நேர் கீழே, தலைவர் முத்துநாயகம். அவருக்கு வலப்பக்கம், காற்று பாதி மட்டும் வந்து சேரும் இடத்தில், செயல் அலுவலர். முன்வரிசையில் தலைவரின் மைத்துனர், செய்தித்தாளால் முகத்தை மூடியபடி. ஜன்னல் ஓரத்தில் நூலகர் சபிதா அக்கா. கடைசி வரிசையில் ஏழாம் வகுப்பு ஜெப்சி. அவளுக்குப் பக்கத்தில், தினமும் அவளோடு நூலகத்துக்கு வரும் மூன்றாம் வகுப்பு அஹ்சன். அவன் கால்கள் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தன. மேடைக்குக் கீழே ஒரு பூனை.

மற்ற நாற்காலிகள் எல்லாம் காலி.

வாசலில், ‘பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்’ என்று பெரிய எழுத்தில் துணி கட்டியிருந்தார்கள்.

“பொதுமக்கள்னா நாம ரெண்டு பேருதானா?” என்று அஹ்சன் காதோடு கேட்டான்.

“அந்தப் பூனையையும் சேத்துக்கோ” என்றாள் ஜெப்சி.

செயல் அலுவலர் எழுந்து, கையிலிருந்த தாளை வாசித்தார். ஊர் நூலகத்துக்குக் காலை பதினோரு மணிக்கு ஆய்வுக்குப் போனார்களாம். போனபோதெல்லாம் உள்ளே வாசகர் ஒருவர்கூட இல்லையாம். அதனால் அடுத்த மாதம் முதல் நூலகம் செவ்வாயும் சனியும் காலையில் மட்டும் திறக்கும். சிறுவர் புத்தகங்கள் பக்கத்து ஊருக்குப் போய்விடும். காலியாகும் அறையில் பேரூராட்சியின் பழைய சாமான்களைப் போட்டு வைக்கலாம்.

சபிதா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மாலையில் வந்து பாருங்கள் என்று அவர் முன்பே கேட்டிருந்தார். ஆய்வெல்லாம் காலையில்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜெப்சி நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவளுடைய அப்பா ஆழ்கடல் படகில் வேலைக்குப் போனால் வாரக் கணக்கில் திரும்ப மாட்டார். அம்மா மெற்றில்டா கடற்கரையில் மீன் எடுத்து, மதியம் கூடையோடு பஸ் ஏறி, விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு வருவார். பள்ளி விட்டதிலிருந்து அதுவரை ஜெப்சி இருப்பது நூலகத்தில்தான். முதலில் வீட்டுப்பாடம், அதற்குப் பிறகு திமிங்கலங்களைப் பற்றிய அந்தத் தடிப் புத்தகம். அதில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

சபிதா அக்கா மூலம் விஷயம் தெரிந்ததும், நேற்றே அம்மா சொல்லிவிட்டார். நூலகத்தை மாலையில் பூட்டிவிட்டால் ஜெப்சி கொட்டாரம் ஊரில் அம்மாவின் அக்கா, பெரியம்மை வீட்டுக்குப் போய் அங்கேயே படிக்க வேண்டியதுதான்.

“பூட்டின வீட்டு வாசல்ல ஒன்னத் தனியா விட எனக்கு மனசு வரல மக்கா.”

பெரியம்மை நல்லவர்தான். நன்றாகச் சமைப்பார். ஆனால் கொட்டாரத்தில் அம்மா கிடையாது.

“யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” என்று தலைவர் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கேட்டார். நாற்காலிகள் பேசவில்லை. “அப்போ எல்லாருக்கும் சம்மதம்” என்று தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

ஜெப்சி எழுந்தாள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குச் சம்மதம் இல்ல சார்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். இது பெரியவர்கள் பேசும் கூட்டம், பிள்ளைகள் வீட்டுக்குப் போய் விளையாடுங்கள் என்றார்.

“பெரியவங்க எங்க சார்?”

மைத்துனரின் முகத்திலிருந்து செய்தித்தாள் நழுவியது. செயல் அலுவலர் இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டார்.

வராதது அவர்கள் தப்பு, அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது என்றார் தலைவர்.

“இது கரையில மீன் ஏலம் நடக்கிற நேரம் சார். ஊரே அங்கதான் நிக்கும். லைப்ரரிக்கும் இதே நேரத்துலதான் வந்து பாத்திருக்கிய. நாங்க அப்போ பள்ளிக்கூடத்துல இருப்போம்.” ஜெப்சி மூச்சு வாங்கினாள். “வாங்குற ஆளு வராம ததேயுஸ் மாமா ஏலம் விடமாட்டாரு. காத்து நிப்பாரு. நீங்க ஆளே இல்லாம கூட்டத்த முடிக்கிய.”

“இது மீன் சந்தை இல்ல” என்று சொல்லித் தலைவர் எழுந்துவிட்டார். எழுத்து மூலமாக ஆட்சேபணை வந்தால் பார்க்கலாம் என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தையை ஜெப்சி விடாமல் பிடித்துக்கொண்டாள். சபிதா அக்காவிடம் வெள்ளைத்தாளும் பேனாவும் வாங்கினாள். அஹ்சனை இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள்.

கரையில் கடைசி வள்ளத்தின் சாளை மீன் மணலில் குவிந்து கிடந்தது. சுற்றிலும் கூடைகளோடு பெண்கள். நடுவில் ஏலக்காரர் ததேயுஸ். அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்துத் துறைக்குக் கேட்கும் என்பார்கள். ஜெப்சி மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு ஐஸ் பெட்டியின் மேல் ஏறி நின்றார்.

“ஏலம் கொஞ்சம் நிக்கட்டு. ஒரு காரியம் கேக்கணும். நம்ம லைப்ரரிய இனிமே சாயங்காலம் பூட்டப் போறாவளாம். நமக்கெல்லாம் சம்மதம்னு எழுதியாச்சாம். யாரு சம்மதம் சொன்னது? கையத் தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை.

“சம்மதம் இல்லாதவிய?”

செதிள் ஒட்டிய கைகள் எல்லாம் எழுந்தன. கூட்டத்துக்குப் பின்னால் ஒரு கை மட்டும் துணிப்பையைப் பிடித்தபடி கீழேயே இருந்தது. சனிக்கிழமை மீன் வாங்க வந்திருந்த தலைவருடைய கை அது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

ஜெப்சியின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“தலைவரே, இந்நேரம் எங்கள்ட்ட கேக்கணும்னா இங்கதான் வரணும். அங்க போயி நாற்காலிட்ட கேட்டா அது என்னத்தச் சொல்லும்?”

பெண்கள் சிரித்தார்கள். தலைவர் சாளையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கடைசியில் ஜெப்சியைப் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நூலகத்திலேயே மறுபடி கூட்டம் வைப்பதாகவும், அதுவரை எதையும் பூட்டப்போவதில்லை என்றும் சொன்னார்.

“சரி சார். அதையும் சேத்து எழுதி கலெக்டருக்கு அனுப்புறோம்” என்றாள் ஜெப்சி.

“நாந்தான் சொல்லியாச்சே?”

“நீங்க சொன்னதுனாலதான் சார் எழுதுறோம்.”

ததேயுஸ் மாமாவின் ஐஸ் பெட்டிமேல் தாள் விரிந்தது. அஹ்சன் துண்டோடு நின்றான். கையைத் துடைக்காமல் யாரும் பேனாவைத் தொடக் கூடாது என்று அவன் ஒரு சட்டமே போட்டுவிட்டான். கூடைக்காரப் பெண்கள் எல்லாம் அந்தப் பொடியனிடம் பணிந்து கையை நீட்டினார்கள்.

முதல் கையெழுத்து அம்மாவுடையது. எழுத்து எழுத்தாக, நிதானமாக எழுதினார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்றைக்குக் கொட்டாரத்துக்குப் போன் பண்ண வேண்டும் என்றார்.

“என்ன சொல்லப் போறிய?” ஜெப்சியின் குரல் மெல்ல வந்தது.

“நீ வரலன்னு.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெப்சி கடிதம் எழுத உட்கார்ந்தாள். பள்ளியில் கற்றுக் கொடுத்தபடி முதலில் அனுப்புநர், பிறகு பெறுநர், பிறகு பொருள்: ‘புன்னைத்துறை நூலகத்தை மாலையில் பூட்டக் கூடாது.’

“தாழ்மையுடன்னு போடலியா?” என்றான் அஹ்சன்.

“அது லீவு லெட்டருக்குத்தாம்லே. நாம என்ன லீவா கேக்கோம்?”

அதற்குக் கீழே அவள் இப்படி எழுதினாள்:

‘காலை பதினோரு மணிக்கு வந்து பார்த்தால் எங்கள் நூலகத்தில் ஆள் இருக்காது. நாங்கள் பள்ளியில் இருப்போம். எங்கள் பெற்றோர் கடற்கரையில் இருப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள். உட்கார இடம் கிடைக்காது. வரும் சனிக்கிழமை அதே நேரத்தில், அதே இடத்தில் கூட்டம் நடத்துவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நாங்களும் வருவோம். பேசுவோம்.’

கையெழுத்துத் தாளை அதோடு சேர்த்து மடித்தபோது, அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மீன் செதிள் ஒட்டிக்கொண்டு மின்னியது. அஹ்சன் நகத்தால் சுரண்டப் போனான்.

“இருக்கட்டு” என்றாள் ஜெப்சி. “எங்க இருந்து வந்ததுன்னு அவிய தெரிஞ்சுக்கட்டு.”

திங்கள்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில் அம்மா தபால் செலவுக்குப் பணம் தந்தார். மதிய இடைவேளையில், வகுப்பு ஆசிரியையிடம் சொல்லிவிட்டு, ஜெப்சியும் அஹ்சனும் பள்ளிக்கு எதிரில் இருந்த தபால் நிலையத்துக்குப் போனார்கள். ஜெப்சி உறையின் வாயில் பசை தடவி, ஓரம் பிரியாமல் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தாள். விரைவுத் தபாலில் போக வேண்டும் என்றாள்.

தபால்காரம்மா உறையை எடை பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

“என்ன பிள்ள, உள்ள மீனா?”

“இல்ல, ஆட்சேபணை” என்றாள் ஜெப்சி.

அவர் சிரித்தபடி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.